கடிதம் எழுதுவது, பத்திரிகை அடிப்பது: நீலகிரியில் முதல்முறை எழுதுவோருக்கு

வாட்ஸ்அப்பில் நாள் முழுக்கத் தட்டிக்கொண்டிருப்பவர்கள்கூட வெள்ளைத்தாளை எடுத்து வைத்ததும் முதல் வரியிலேயே நின்றுவிடுகிறார்கள். எப்படி ஆரம்பிப்பது என்று யோசிப்பதற்கு முன் இரண்டு கேள்விக்குப் பதில் சொல்லிக்கொள்ளுங்கள். இதைப் பிரித்துப் படிக்கப் போகிறவர் யார்? படித்து முடித்ததும் அவர் என்ன செய்ய வேண்டும்? தோழிக்கு எழுதும் கடிதமென்றால் அவள் பதில் போட வேண்டும். கல்யாணப் பத்திரிகையென்றால் மதுரையிலோ மைசூரிலோ இருக்கும் ஒரு குடும்பம் வண்டி பிடித்து, மலையேறி, குளிரில் ஓர் இரவு தங்கி, முகூர்த்த நேரத்துக்கு மண்டபத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும். எதை எழுதுவது, எதை விடுவது என்பதெல்லாம் இதிலிருந்துதான் வரும்.

தாளும் பேனாவும்

நட்புக் கடிதத்துக்குக் கோடு போட்ட தாளே போதும். நோட்டிலிருந்து கிழித்ததென்றால் பிசிறு ஓரத்தைக் கத்தரித்துவிடுங்கள். மலையில் கவனிக்க வேண்டியது ஈரம். தென்மேற்குப் பருவத்தில் கூடலூர், பந்தலூர் பக்கமும், வடகிழக்குப் பருவத்தில் குன்னூர், கோத்தகிரி பக்கமும் மேகம் வீட்டுக்குள்ளேயே வந்து உட்காரும். அந்தக் காற்றில் தாள் ஊறிப்போகும். மைப்பேனாவில் எழுதினால் எழுத்து கசியும். ஜெல் பேனா என்றால் உலர்வதற்குள் கை பட்டு இழுபடும். பால்பாயின்ட் பேனாதான் பத்திரம். மை பேனாவில்தான் எழுதுவேன் என்பவர்கள் வெயில் விழும் மதிய நேரத்தில் எழுதி, மடிப்பதற்கு முன் அரை மணி நேரமாவது விரித்து வைக்க வேண்டும்.

பசை தடவி வரும் உறைகளுக்கும் இதே சிக்கல்தான். கட்டாக வாங்கி அலமாரியில் போட்டால் ஒரு மாதத்தில் தாமாகவே ஒட்டிக்கொள்ளும்; பிரித்தால் கிழியும். இறுக மூடும் டப்பாவில், துணியில் முடிந்த ஒரு கைப்பிடி அரிசியோடு வைத்தால் ஈரத்தை அரிசி இழுத்துக்கொள்ளும்.

நட்புக் கடிதம்

வலது மேல் மூலையில் ஊரும் நாளும். அடுத்து இடப்பக்கம் விளி. பிறகு செய்தி. கடைசியில் வலப்பக்கம் முடிப்பும் கையெழுத்தும். பள்ளிக்கூடத்தில் படித்த அதே அமைப்புதான், மாற்ற வேண்டியதில்லை. நாளை மட்டும் மறக்காதீர்கள். கடிதம் போய்ச் சேர நாலைந்து நாளாகலாம். 'நேற்று' என்று எழுதியிருந்தால் அது எந்த நேற்று என்று படிப்பவருக்குத் தெரிய வேண்டும்.

விளியில்தான் உறவு தெரியும். அன்புள்ள மாமாவுக்கு, அன்புத் தம்பிக்கு, மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு. எந்த மரியாதையில் தொடங்கினீர்களோ அதே மரியாதையில் முடியுங்கள். 'தாங்கள் நலமா' என்று தொடங்கி, நடுவில் 'நீங்கள்' ஆகி, கடைசியில் 'நீங்க வாங்க' என்று முடியும் கடிதங்கள் ஏராளம். வீட்டுப் பெரியவர்களுக்கு 'நீங்கள்' தாராளமாகப் போதும். பெற்ற அம்மாவுக்குத் 'தாங்கள்' போட்டால் கோபித்துக்கொண்டு எழுதியது போல இருக்கும்.

'நலம், நலமறிய ஆவல்' தேய்ந்த வரி என்று சிலர் விட்டுவிடுகிறார்கள். விட வேண்டியதில்லை, மூன்றே சொல்லில் இரண்டு பக்கத்துச் சேதியும் அடங்கிவிடுகிறது. ஆனால் எதிராளி படுக்கையில் இருக்கிறார், அல்லது அந்த வீட்டில் துக்கம் நடந்திருக்கிறது என்றால் அந்த வரி வரவே கூடாது. துக்கம் விசாரிக்கும் கடிதம் நேராகச் செய்தியில் தொடங்க வேண்டும்: 'பெரியப்பா தவறிய செய்தி இன்றுதான் கிடைத்தது.' பிறகு, போனவரைப் பற்றி உங்களுக்கு நினைவிருக்கும் ஒரே ஒரு காரியம். பிறகு, நீங்கள் என்ன செய்ய முடியும், எப்போது வர முடியும் என்பது. 'காலம் ஆற்றும்' வகை ஆறுதல்களை எழுதாமல் விடலாம்.

சாதாரணக் கடிதத்தில் செய்தியை மூன்று அடுக்காக வைத்துக்கொண்டால் பேனா நிற்காது. அவர் கடைசியாக எழுதிய கடிதத்தைப் பக்கத்தில் விரித்து வையுங்கள். அவர் கேட்டதற்கெல்லாம் முதலில் பதில். அடுத்து உங்கள் பக்கத்துச் சேதி, அதுவும் ஒன்று அல்லது இரண்டு, விவரத்தோடு. கடைசியாக ஒரு கேள்வி. 'வேறு என்ன விசேஷம்?' என்பது கேள்வியே அல்ல, அதற்கு யாரும் பதில் எழுத மாட்டார்கள். 'தங்கச்சிக்கு எந்தக் காலேஜில் இடம் கிடைத்தது?' என்று கேட்டால் பதில் வந்தே தீரும். தாளின் இரண்டு பக்கம் நிறைந்தால் போதும்.

ஒரு மாதிரி:

உதகை,
10.01.2027

அன்புத் தோழிக்கு,

நலம், நலமறிய ஆவல். நீ கேட்ட ஸ்வெட்டர் பின்னும் நூல் இங்கே மார்க்கெட்டில் கிடைக்கிறது. அரக்கு நிறம் இல்லை; கருநீலம், சாம்பல் இரண்டும் இருக்கின்றன. எது வேண்டுமென்று எழுது.

மூன்று நாளாக உறைபனி. விடிந்து பார்த்தால் புல்லெல்லாம் உப்பு தூவினது போல இருக்கிறது. வாளியில் வைத்த தண்ணீரின் மேல் மெல்லிய தகடாக உறைந்துவிட்டது. அதை உடைத்துத்தான் பாத்திரம் கழுவினோம். பள்ளத்தில் இருக்கும் எங்கள் தேயிலை கருகிவிட்டது. மறுபடி துளிர் வர எத்தனை நாளாகுமோ என்று அப்பா கவலைப்படுகிறார். மேட்டிலிருக்கும் செடிகள் தப்பித்தன.

உன் அண்ணன் கல்யாணம் சித்திரையிலா, வைகாசியிலா? லீவு சொல்ல வேண்டும், உடனே எழுது. அம்மாவுக்கு என் வணக்கம்.

இப்படிக்கு,
உன் அன்புத் தோழி
(கையெழுத்து)

இதில் 'இங்கே ரொம்பக் குளிர்' என்ற வரி எங்கும் இல்லை என்பதைக் கவனியுங்கள். வாளித் தண்ணீர் உறைந்த செய்தியே மதுரைக்காரிக்குக் குளிரைச் சொல்லிவிடும். பள்ளத்துத் தேயிலை கருகியதும் மேட்டுத் தேயிலை தப்பியதும் இட்டுக்கட்டியதல்ல. கனத்த குளிர்காற்று இரவில் தாழ்வான இடத்தில்தான் போய்த் தேங்கும்.

உறையும் முகவரியும்

அஞ்சல் அட்டை 50 காசு, இன்லேண்டு லெட்டர் 2 ரூபாய் 50 காசு, உறையில் போடும் கடிதம் 20 கிராம் வரை 5 ரூபாய். இன்லேண்டுக்குள் போட்டோ, நூல் மாதிரி என்று எதுவும் வைக்கக் கூடாது. உறைக் கடிதத்துக்கு எடைக் கணக்கு எளிது: 80 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 80 கிராம்) ஏ4 தாள் ஒன்று 5 கிராம். மூன்று தாளும் ஓர் உறையும் சேர்ந்தால் 20 கிராம் எல்லையைத் தொட்டுவிடும். தபால்தலை குறைவாக ஒட்டினால் தபால்காரர் குறைந்த தொகையைப் போல இரு மடங்கைப் பெறுபவரிடம் கேட்பார். கல்யாணத்துக்குக் கூப்பிட்டுவிட்டு அபராதமும் கட்ட வைப்பது நன்றாகவா இருக்கும்?

முகவரியில் நீலகிரிக்கென்று சில பொறிகள் உண்டு. முதலாவது கூடலூர். தேனி மாவட்டத்தில் கம்பத்துக்குப் பக்கத்திலும் ஒரு கூடலூர் இருக்கிறது. வெறுமனே 'கூடலூர்' என்று எழுதினால் பத்திரிகை மேற்குத் தொடர்ச்சி மலையின் இன்னொரு மூலைக்குப் போய்விடும். மாவட்டத்தையும் பின்கோடையும் எழுதுங்கள்: நீலகிரியின் எண்கள் 643 என்று தொடங்கும், தேனிக் கூடலூருக்கு 625. உதகமண்டலம் 643001, குன்னூர் 643101, கோத்தகிரி 643217. ஊட்டி, உதகை, உதகமண்டலம் எப்படி எழுதினாலும் எண் சரியாக இருந்தால் போய்ச் சேரும்.

அட்டிகளில் (படகர் ஊர்களில்) கதவு எண்ணை வைத்து வீடு தேடுவது அபூர்வம். பெறுபவர் பெயருக்குக் கீழே 'த/பெ' போட்டு அப்பா பெயர், அட்டியின் பெயர், பிறகு எந்த அஞ்சலகத்தைச் சேர்ந்தது என்பது ('தூனேரி அஞ்சல்' என்பது போல), பிறகு மாவட்டம், எண். எஸ்டேட் முகவரியென்றால் எஸ்டேட் பெயரோடு டிவிஷன் பெயரும் லைன் வீட்டு எண்ணும் வேண்டும். பெரிய எஸ்டேட்டில் ஒரே பெயரில் நாலு பேர் இருப்பார்கள்; டிவிஷனை எழுதாத கடிதம் ஆபீஸ் மேசையிலேயே கிடக்கும்.

1964 சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய குடும்பங்கள் டேன்டீ (அரசுத் தேயிலைக் கழகம்) தோட்டங்களிலும் கூடலூர், கோத்தகிரி வட்டாரங்களிலும் நிறைய. அவர்களில் பலருக்கு நுவரெலியாவிலும் பதுளையிலும் இன்னும் சொந்தம் உண்டு. அங்கே எழுதும்போது முகவரியின் கடைசி வரியில் நாட்டின் பெயரை ஆங்கிலத்தில் பெரிய எழுத்தில் எழுத வேண்டும். இங்கே பிரிப்பவர் அதைத்தான் பார்ப்பார். இலங்கைக்கு ஐந்து இலக்க எண்: ஹட்டன் 22000, நுவரெலியா 22200, பதுளை 90000. வெளிநாட்டுக் கட்டணம் வேறு, கவுண்டரில் எடை போட்டுக் கேட்டு ஒட்டுங்கள். பெங்களூரு, மும்பை முகவரிகளுக்கும் ஊர், மாநிலப் பெயர்களை ஆங்கிலத்தில் சேர்த்து எழுதுவது நல்லது.

கல்யாணப் பத்திரிகை

கடிதத்தில் ஒருவர் பேசுகிறார். பத்திரிகையில் இரண்டு குடும்பம் பேசுகிறது. அதனால்தான் அதன் நடை மாறாமல் நிற்கிறது. புதுமை செய்ய ஆசைப்பட்டால் ஓவியத்தில் செய்யுங்கள். வாசகத்தில் செய்தால் ஏதாவது ஒரு பெரியவரின் பெயர் இடம் மாறி, கல்யாணம் முடிந்து பத்து வருஷம் வரைக்கும் பேச்சு ஓடும்.

எலும்புக்கூடு இது:

உ
(குலதெய்வத்தின் பெயர்) துணை
திருமண அழைப்பிதழ்

அன்புடையீர்,

வணக்கம். நிகழும் பராபவ ஆண்டு தை மாதம் ….ஆம் நாள் (….01.2027) ….கிழமை, …. திதியும் …. நட்சத்திரமும் கூடிய சுபதினத்தில், காலை 9.00 மணிக்கு மேல் 10.30 மணிக்குள் …. லக்னத்தில்,

…. (ஊர்), …. தம்பதியரின் பேரனும் …. தம்பதியரின் மகனுமாகிய
திருவளர்செல்வன் ….
…. (ஊர்), …. தம்பதியரின் பேத்தியும் …. தம்பதியரின் மகளுமாகிய
திருநிறைசெல்வி ….

ஆகியோரின் திருமணம், பெரியோர்களால் நிச்சயிக்கப்பட்டவாறு, குன்னூர் …. திருமண மண்டபத்தில் நடைபெற இருப்பதால், தாங்கள் சுற்றமும் நட்பும் சூழ வருகை தந்து மணமக்களை வாழ்த்தியருள அன்புடன் அழைக்கிறோம்.

தங்கள் நல்வரவை விரும்பும்
….

இனி ஒவ்வொன்றாக. ஆண்டின் பெயர் சித்திரையில் மாறும், ஜனவரியில் அல்ல. 2026 ஏப்ரலில் தொடங்குவது பராபவ. 2027 ஏப்ரலில் பிலவங்க. தை மாதக் கல்யாணத்துக்குப் புது ஆண்டின் பெயரைப் போட்டுவிடுவது அடிக்கடி நடக்கும் பிழை. திதி, நட்சத்திரம், லக்னம் மூன்றையும் ஒரே பஞ்சாங்கத்திலிருந்து எடுங்கள். வாக்கியப் பஞ்சாங்கமும் திருக்கணிதமும் நேரத்தில் வேறுபடும். இதிலிருந்து கொஞ்சம் அதிலிருந்து கொஞ்சம் எடுத்தால், படிக்கத் தெரிந்த மாமா ஒருவர் போன் போட்டுக் கேட்பார். சூரியோதயத்துக்கு முந்தைய முகூர்த்தமென்றால் இன்னும் கவனம்: நம் கணக்கில் நாள் சூரியோதயத்தில்தான் பிறக்கிறது, ஆங்கிலத் தேதியோ நள்ளிரவிலேயே மாறிவிடுகிறது. திங்கள் விடிகாலை 4.30 முகூர்த்தத்துக்குத் தமிழ்த் தேதி ஞாயிறோடு போகும். 'ஞாயிறு இரவு விடிந்தால் திங்கட்கிழமை' என்று எழுதும் பழைய வழக்கம் இந்தக் குழப்பத்துக்காகவே பிறந்தது. அதை அப்படியே எழுதுங்கள், யாரும் ஒரு நாள் பிந்தி வர மாட்டார்கள்.

ஐதிகமும் ஜாதகமும் வேண்டாம் என்பவர்கள் திருவள்ளுவர் ஆண்டு போடலாம். ஆங்கில ஆண்டோடு 31-ஐக் கூட்டினால் வரும், 2027 என்றால் 2058. கிறிஸ்தவர் வீட்டில் உ, திதிக்குப் பதில் வேத வசனமும் ஆலயத்தின் பெயரும். ஆராதனை நேரத்தையும் விருந்து நேரத்தையும் தனித்தனியே எழுத வேண்டும். முஸ்லிம் வீட்டு நிக்காஹ் அழைப்பில் ஹிஜ்ரி தேதி வரும். பிறையைப் பொறுத்து ஒரு நாள் முன்பின் ஆகக்கூடும் என்பதால் ஆங்கிலத் தேதியைப் பெரிதாகப் போடுவார்கள்.

'திருவளர்' என்றால் அந்த வீட்டில் இன்னும் கல்யாணம் ஆக வேண்டியவர்கள் இருக்கிறார்கள், 'திருநிறை' என்றால் இதுதான் கடைசிக் கல்யாணம் என்று சொல்லும் வழக்கம் உண்டு. இரண்டும் வினைத்தொகை, நடுவில் 'ச்' வராது. அச்சகத்துக் கம்ப்யூட்டரில் பழைய பத்திரிகையிலிருந்து 'திருவளர்ச்செல்வன்' என்றே நகலாகி வரும். 'வருகைத் தந்து' என்பதும் பிழைதான், 'வருகை தந்து' போதும். அழைப்பிதல் அல்ல, அழைப்பிதழ்.

பெயர்ப் பட்டியலில்தான் உண்மையான ஆபத்து. மறைந்தவர் பெயருக்கு முன் 'காலஞ்சென்ற', 'அமரர்', 'தெய்வத்திரு', 'மர்ஹூம்' என்று அந்தந்த வீட்டு வழக்கப்படி வர வேண்டும். இருக்கிறவர் பெயருக்கு முன் அது விழுந்துவிட்டால் மன்னிப்பே கிடையாது. முன் எழுத்தைத் தமிழில் போடுவதா (சு.), ஆங்கில ஒலியில் போடுவதா (எஸ்.) என்று முடிவு செய்து எல்லாருக்கும் ஒரே மாதிரி போடுங்கள். பட்டியலை இரு வீட்டாரும் கைப்பட எழுதித் தர வேண்டும். போனில் கேட்டு எழுதினால் 'ந' எங்கே, 'ன' எங்கே என்பது யாருக்கும் தெரியாது.

மலையேறி வருபவருக்கு ஒரு துண்டுச்சீட்டு

சமவெளியில் அடிக்கும் பத்திரிகையில் இல்லாத ஒன்று இங்கே வேண்டும். பத்திரிகையின் பின்பக்கத்திலோ தனிச் சீட்டாகவோ வழிக்குறிப்பு போடுங்கள். மங்கலமான பத்திரிகையில் இதெல்லாம் எதற்கு என்று பெரியவர்கள் முகம் சுளித்தால் தனிச் சீட்டாக வைத்துவிடலாம்.

முதலில் இ-பாஸ். சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் வரும் வெளி மாவட்ட வண்டிகளுக்கு இது வேண்டும். அரசுப் பேருந்தில் வருவோருக்குத் தேவையில்லை. சீசனில் நிபந்தனைகள் மாறுவதுண்டு. பத்திரிகை அச்சுக்குப் போகும் வாரத்தில் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்து வழி. மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வழியா, கோத்தகிரி வழியா என்று மண்டபத்துக்கு ஏற்ற ஒன்றை மட்டும் சொல்லுங்கள். கோடை சீசனில் ஏறுவது குன்னூர் வழி, இறங்குவது கோத்தகிரி வழி என்று போலீசார் பிரித்துவிடுவார்கள். மே மாதக் கல்யாணமென்றால் அதையும் குறிப்பிடுங்கள். மைசூர், பெங்களூருப் பக்கமிருந்து வருவோருக்கு, பந்திப்பூர் காட்டுச் சாலை இரவு 9 மணி முதல் காலை 6 மணி வரை மூடியிருக்கும் என்ற ஒரு வரி கட்டாயம். இது தெரியாமல் வந்து சோதனைச் சாவடியில் விடியும்வரை காத்திருந்த மாப்பிள்ளை வீட்டார் கதை இங்கே எந்த ஊரில் கேட்டாலும் ஒன்று கிடைக்கும்.

மலை ரயிலைப் பயண வழியாகப் போடாதீர்கள். மேட்டுப்பாளையத்திலிருந்து உதகைக்கு 46 கிலோமீட்டரை அது ஏற ஐந்து மணி நேரம் போல ஆகும், இடமும் கிடைக்காது. வந்தவர்கள் மறுநாள் ஆசைக்குப் போய்வரட்டும்.

காலை முகூர்த்தமென்றால் முந்தின நாள் மாலையே வந்துவிடச் சொல்லி, தங்கும் இடத்தின் பெயரையும், பொறுப்பாக இருப்பவரின் போன் எண்ணையும் போடுங்கள். மாப்பிள்ளையின் எண் வேண்டாம், அவர் எடுக்க மாட்டார். 'கம்பளி உடை எடுத்து வரவும்' என்பதோடு 'பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்கு மாவட்டத்தில் தடை உண்டு' என்பதையும் சேர்த்தால் சோதனைச் சாவடியில் வாக்குவாதம் இருக்காது.

அச்சும் எண்ணிக்கையும்

முகூர்த்தத்துக்கு 60 நாள் முன்பு வாசகத்தை முடிவு செய்யுங்கள், 45 நாள் முன்பு அச்சு, 30 நாள் முன்பிருந்து விநியோகம். சமவெளிச் சொந்தத்துக்கு முதலில், உள்ளூருக்குப் பிறகு. சமவெளிக்காரர்கள்தான் லீவு போட்டு அறை பிடிக்க வேண்டியவர்கள். எண்ணிக்கையை ஆள் கணக்கில் பார்க்காமல் அடுப்புக் கணக்கில் பாருங்கள்: ஒரு வீட்டுக்கு ஒன்று, தனிக்குடித்தனம் போன மகனுக்குத் தனியாக ஒன்று. பட்டியலில் 300 வீடு வந்தால் 330 அடியுங்கள். பிறகு 30 பத்திரிகைக்காக மறுபடி அச்சகம் போனால் ஒன்றின் விலை பல மடங்காகிவிடும்.

புரூஃபைத் திரையில் பார்த்து 'சரி' சொல்லாதீர்கள். தாளில் எடுத்து வாங்கி, ஒருவர் உரக்கப் படிக்க இன்னொருவர் கையெழுத்துப் பிரதியோடு ஒப்பிட வேண்டும். முதல் சுற்றில் பெயர்கள் மட்டும். இரண்டாவது சுற்றில் எண்கள் மட்டும்: தேதி, கிழமை, மணி, போன் எண். போன் எண்ணைப் பார்த்துத் திருப்தியடையாமல் புரூஃபிலிருந்தே டயல் செய்து பாருங்கள். தேதியும் கிழமையும் பொருந்துகிறதா என்று நாட்காட்டியைத் திறந்து பார்க்க வேண்டும்.

மழைக்காலத்தில் மலையிலேயே ஸ்கிரீன் பிரிண்டிங் செய்தால் மை உலரத் தாமதமாகும். அவசரப்பட்டு அடுக்கினால் ஒன்றின் மை அடுத்ததன் முதுகில் ஒட்டிக்கொள்ளும். கூடுதலாக இரண்டு நாள் கொடுங்கள், அல்லது கோயம்புத்தூரில் அடித்துக் கொண்டுவாருங்கள்.

பத்திரிகை வைப்பது

முதல் பத்திரிகை குலதெய்வத்துக்கு. பிறகு தாய்மாமன். இந்த வரிசை எங்கும் எழுதியிருக்காது, ஆனால் தப்பினால் தெரிந்துவிடும். நான்கு மூலையிலும் மஞ்சள் வைக்கும்போது குழைத்த மஞ்சளாக வைத்தால் இந்தக் குளிரில் உலராமல் உறையின் உள்பக்கமெல்லாம் பரவும். விரல் நுனியில் உலர்ந்த பொடியைத் தொட்டு வைத்தால் போதும். உறைமேல் 'திரு. …. குடும்பத்தினர்' என்று எழுதினால் மொத்தக் குடும்பத்துக்கும் அழைப்பு. 'திரு. ….' என்று நிறுத்தினால் அவர் மட்டும்தான் வருவார், அதுவும் வருத்தத்தோடு.

நேரில் வைக்க முடியாதவர்களுக்குத் தபாலில் போட்டுவிட்டு, போய்ச் சேர்ந்திருக்கும் என்று நினைக்கும் நாளில் போன் செய்ய வேண்டும். மண் சரிந்து சாலை அடைபட்டால் தபால் பையும் கீழேயே நிற்கும், அதனால் மழைக்காலத்தில் ஒரு வாரம் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள். தடித்த அட்டைப் பத்திரிகை உறையோடு 20 கிராமைத் தாண்டவே செய்யும். ஒன்றை எடை போட்டுவிட்டு மொத்தத்துக்கும் தபால்தலை வாங்குங்கள். வாட்ஸ்அப்பில் படத்தை மட்டும் தட்டிவிட்டால் அது அழைப்பு ஆகாது. முதலில் போனில் கூப்பிடுங்கள், பிறகு படம், பிறகு மண்டபத்தின் இருப்பிடம். மேப் காட்டும் குறுக்கு வழியை நம்பிக் கல்லட்டிச் சாலையில் போய் மாட்டிக்கொள்ள வேண்டாம் என்றும் ஒரு வார்த்தை. 36 கொண்டை ஊசி வளைவு உள்ள அந்தப் பாதையில் உதகையிலிருந்து இறங்க வெளியூர் வண்டிகளை விடுவதில்லை.

விழா அழைப்பும் சிறப்பு விருந்தினர் கடிதமும்

பள்ளி, நூலகம், சங்கம் எதுவானாலும் வரிசை ஒன்றுதான்: முதலில் விருந்தினருக்குக் கடிதம், அவர் ஒப்புதல் தந்த பிறகே அழைப்பிதழில் பெயர். முந்திக்கொண்டு அச்சடித்துவிட்டு அவர் வரவில்லையென்றால் மேடையில் சமாளிப்பதற்குள் வேர்த்துவிடும், டிசம்பர் மாத உதகையிலும்.

அனுப்புநர்
செயலர், வாசகர் வட்டம், …., கோத்தகிரி - 643217.

பெறுநர்
திரு. …., (பதவி), (அலுவலகம்), உதகமண்டலம் - 643001.

ஐயா,

பொருள்: வாசகர் வட்ட ஆண்டு விழா – சிறப்புரையாற்ற வேண்டுதல் – தொடர்பாக.

வணக்கம். எங்கள் வாசகர் வட்டத்தின் ஆண்டு விழா 23.01.2027 சனிக்கிழமை பிற்பகல் 2.30 மணிக்குக் கோத்தகிரி …. அரங்கில் நடைபெற உள்ளது. உறுப்பினர்களும் பள்ளி மாணவர்களுமாக ஏறத்தாழ 150 பேர் கலந்துகொள்வர். தாங்கள் '….' என்னும் பொருளில் 20 நிமிடம் சிறப்புரையாற்ற வேண்டுகிறோம். உதகையிலிருந்து வாகன வசதி செய்து தருகிறோம். மாலை 5 மணிக்குள் தாங்கள் திரும்பலாம். அழைப்பிதழ் அச்சிட வேண்டியிருப்பதால் 28.12.2026-க்குள் தங்கள் இசைவைத் தெரிவிக்குமாறு கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
(கையொப்பம், பெயர், போன் எண்)

இடம்: கோத்தகிரி
நாள்: 14.12.2026

எத்தனை பேர், எத்தனை நிமிடம், எப்போது திரும்பலாம்: இந்த மூன்றும் இல்லாத கடிதத்துக்குப் பெரும்பாலும் 'பார்க்கலாம்' என்பதே பதிலாக வரும். பிற்பகலில் வைப்பதானால் சீக்கிரம் முடித்துவிடுங்கள். மேகம் இறங்கிய பிறகு மலைப்பாதையில் யாரும் வண்டி ஓட்ட விரும்புவதில்லை.

அழைப்பிதழில் 'தலைமை' ஒருவருக்கு மட்டும். நிகழ்ச்சியை நடத்திச் செல்பவர் அவர். 'முன்னிலை' எத்தனை பேருக்கும் தரலாம். மேடையில் இருப்பார்கள், பேசியே ஆக வேண்டியதில்லை. பதவியில் மூத்தவர் பெயர் முன்னே வர வேண்டும். அமைச்சருக்கு 'மாண்புமிகு'. ஆட்சியர் பெயருக்குப் பின் 'இ.ஆ.ப.', காவல் கண்காணிப்பாளருக்கு 'இ.கா.ப.', வன அலுவலருக்கு 'இ.வ.ப.' (அவர் அந்தப் பணியைச் சேர்ந்தவரானால் மட்டும்). இடமாற்றம் அடிக்கடி நடப்பதால் பெயரையும் பதவியையும் அச்சுக்கு முந்தின நாள் அவருடைய அலுவலகத்தில் கேட்டு உறுதி செய்யுங்கள். நிகழ்ச்சி நிரல் தமிழ்த்தாய் வாழ்த்தில் தொடங்கும். 2021 டிசம்பரில் அது மாநிலப் பாடலானது, 55 நொடியில் பாடி முடிக்க வேண்டும், மாற்றுத்திறனாளிகள் தவிர எல்லாரும் எழுந்து நிற்க வேண்டும். பிறகு வரவேற்புரை, தலைமையுரை, வாழ்த்துரை, சிறப்புரை, நன்றியுரை, நாட்டுப்பண். வாழ்த்துரைக்கு ஐந்து பேரைப் போட்டால் சிறப்புரைக்கு நேரம் இருக்காது. இரண்டு பேர் போதும்.

அச்சடித்த பிறகு நேரமோ இடமோ மாறிவிட்டால் பேனாவால் அடித்துத் திருத்தாதீர்கள். அதே தாள் நிறத்தில் சிறு ஸ்டிக்கர் அடித்து, பழைய வரியின் மேல் நேராக ஒட்டுங்கள். ஏற்கெனவே கொடுத்துவிட்ட வீடுகளுக்கெல்லாம் பட்டியலை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் போன் செய்து, சொன்னதும் பெயருக்கு நேரே டிக் போடுங்கள். கொடுத்த பட்டியலைக் கல்யாணம் முடியும்வரை எறியக் கூடாது என்பது இதற்காகத்தான்.